கொத்துப் போட்ட சுவர்

வேம்பு கட்டாத கட்டடம் கிடையாது. ராஜா கொலுவிருக்கிற மண்டபம், ஜமீன்தார் மாளிகை, கோர்ட்டு, ஜெயில், அமெரிக்க மாப்பிள்ளையின் வீடு, ஆயிரம் வருஷத்துச் சிவன் கோயிலின் பிராகாரம் என்று எல்லாவற்றிலும் அவன் கை பட்டிருக்கிறது. அத்தனையும் கோடம்பாக்கத்துக்குள்ளேயே கட்டியவை. அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

சினிமா செட்டுச் சுவர் என்பது மரச்சட்டமும் கோணியும்தான். ரீப்பர் கட்டையைச் சட்டமாக அடித்து, கோணியை இழுத்துப் பிடித்து ஆணியடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்துப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் சுவர். இதில் தேய்ப்புக்குப் பேர் போனவன் வேம்பு. தேய்த்து முடித்தபின் உள்ளங்கையை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டிப் பார்ப்பான். எங்கே கை தடுக்கிறதோ அங்கே மறுபடியும் உப்புத்தாள். கை எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால்தான் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கும். கேமராவுக்கு அவ்வளவு நேர்த்தி தேவையில்லை என்று மேஸ்திரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவன் காதில் வாங்கமாட்டான்.

படப்பிடிப்பு முடிகிற அன்றைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் செட்டைப் பிரிக்கவேண்டும், அடுத்த கம்பெனிக்காரன் வாசலில் காத்துக்கொண்டிருப்பான். அப்போது முதல் உதை வேம்புவுடையதுதான். தான் தேய்த்த சுவரைத் தானே ஓர் உதை விட்டுச் சாய்ப்பான். "எவனோ வந்து ஒதைக்கிறதுக்கு நாமளே ஒதைச்சிட்டா மனசு ஆறிடும்" என்பான். அது பொய். எந்தச் சுவருக்கும் அவனுக்கு மனசு ஆறியதில்லை.

இந்த விஷயம் அவன் மனைவி இசக்கியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். பேர்தான் தெக்கத்திப் பேர். பிறந்ததும் வளர்ந்ததும் கோடம்பாக்கம், பேச்சும் கோடம்பாக்கம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் புருஷன் கட்டிய சுவரைப் பார்க்க ஆசைப்பட்டாள். ஸ்டுடியோ கேட்டில் விடவில்லை. சரி, படம் வரட்டும் என்று தியேட்டருக்குப் போனார்கள். வேம்பு ஒரு வாரம் உயிரை விட்டுத் தேய்த்த சுவருக்கு முன்னால் கதாநாயகன் வந்து நின்றுகொண்டு, வசனம் பேசி முடிக்கிறவரை நகரவே இல்லை.

"அந்தாளு தலைதான் தெரியுது. நீ கட்டின செவுரு எங்கயா?"

"அவன் பின்னாடி கீது."

"எப்பப் பார்த்தாலும் பின்னாடிதானா?" என்று சிரித்தாள். கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் அது வேம்புவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. நிற்கிற சுவர் ஒன்றாவது கட்டவேண்டும், இவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழில் சினிமாத் தொழிலாளர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் தகராறு வந்து ஷூட்டிங் எல்லாம் நின்றுபோயிற்று. கோடம்பாக்கம் முழுக்க ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். வேம்புவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவன் குடியிருந்த சந்திலேயே இருந்த காதர், டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. அந்த வருஷங்களில் டைல்ஸ் பைத்தியம் ஊரையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அடையாறிலிருந்து தி.நகர் வரை சமையலறை, பாத்ரூம் எதையும் வெறும் சுவராக விட யாருக்கும் மனசில்லை. காதர் ஆள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"என்கூட வந்துடு மச்சி. நீ முன்னாடி போய் செவுரை ரெடி பண்ணி வை, அப்பால நான் வந்து ஒட்றேன்" என்றார்.

முதல் வேலை ராஜா அண்ணாமலைபுரத்தில், லூயிசா டீச்சர் வீட்டுச் சமையலறை. டீச்சர் பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுக்கிறவர். தனி மனுஷி. அப்பா காலத்து வீடு. அடுப்படிச் சுவர் புகையேறிக் கறுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. வெள்ளை டைல்ஸும், நடுநடுவே பழக்கூடைப் படம் போட்ட டைல்ஸும் அவரே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வைத்திருந்தார்.

காதர் சொல்லிக்கொடுத்தது சின்ன வேலைதான். பழைய பூச்சைத் தட்டி எடு, சிமெண்டில் புதுப் பூச்சு பூசு, ஈரம் இழுக்குமுன் பூச்சுக் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கிழித்துக் கரடுமுரடாக விட்டுவிடு. இதைச் சொல்லிவிட்டு அவர் அடையாறில் வேறொரு வேலைக்குப் போய்விட்டார்.

வேம்பு சொன்னபடியே செய்தான். இசக்கியிடம் அன்று காலையில்தான், "இது ஒதைக்கிற செவுரு இல்ல இசக்கி. அந்த டீச்சரம்மா வூட்ல காலத்துக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பூசினான், கிழித்தான், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். குரங்கு பிறாண்டிய மாதிரி இருந்தது. வாழ்நாளில் முதல்முதலாக நிற்கப்போகிற சுவர், அது இந்த லட்சணத்திலா நிற்பது? அவனுக்குப் பொறுக்கவில்லை. கிழித்ததையெல்லாம் பூச்சைச் சமன் செய்கிற மணியாஸ் கட்டையால் தேய்த்து மூடினான். மேலே தூள் சிமெண்டைத் தூவி, இரும்புக் கரண்டியால் இழைத்தான். உள்ளங்கையை ஓட்டினான். கை எண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

சினிமாக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் பழி அவன் ஒருவன்மேல் மட்டும் இல்லை. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "வேம்பு, இவ்வளவு அழகா இருக்கே. இதுமேல டைல்ஸ் வேற வேணுமாப்பா?" என்று கேட்டார். காதர் வந்து பார்த்தார். இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு பூச்சை அவர் கண்டதில்லை. வழவழப்பில் டைல்ஸ் நிற்காது, உளியை எடுத்துக் கொத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியும். உளியை எடுக்கவும் செய்தார். பக்கத்தில் வேம்புவின் முகத்தைப் பார்த்தார், உளியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"சிமெண்டுப் பால் கெட்டியா அடிச்சு ஒட்டினா புடிச்சிக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அது கொஞ்ச காலம்தான் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் பூசைக்குப் போய் வந்து கறிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அடுப்புக்கு நேர் மேலே இருந்த பழக்கூடை டைல்ஸ் சுவரை விட்டுக் கிளம்பி நேராகக் குழம்புக்குள் இறங்கிற்று. அதற்காகவே காத்திருந்த மாதிரி பக்கத்து டைல்ஸ்களும் ஒவ்வொன்றாக இறங்கின.

சந்து முனைக் கடைக்குப் போன் வந்தது. காதரும் வேம்புவும் டி.வி.எஸ். ஐம்பதில் பறந்து போனார்கள். டீச்சர் கதவைத் திறந்தார்.

"உள்ள வந்து பாருங்க காதர். பழக்கூடை குழம்புல இருக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட வேம்புவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். காதர் உடனே, "என் தப்புதான்மா. கொத்தணும்னு தெரிஞ்சும் வுட்டேன். அத்தனை செவுத்தையும் மறுபடி செஞ்சி தரேன்" என்றார்.  வேம்பு சுவரையே பார்த்தான். டைல்ஸ் போன இடத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி சுவர் பளபளவென்று நின்றது. ஒரு டைல்ஸைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத இந்தச் சுவரும் செட்டுச் சுவர்தான், கோணிக்குப் பதில் செங்கல், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. 

வீட்டில் இசக்கி சோற்றைப் போட்டுக்கொண்டே முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"வுழுந்துட்ச்சி."

"செவுரா?"

"செவுரு இல்ல. டைல்ஸு."

"அப்ப செவுரு நிக்குதில்ல?"

"நிக்குது."

"அப்பால இன்னா? போய் அதுக்குப் புடிச்சிக்கக் கத்துக் குடு" என்று குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் சுவரில் மிச்சமிருந்த டைல்ஸ்களையும் கழற்றிவிட்டு, காதர் உளியையும் சுத்தியலையும் அவன் கையில் கொடுத்தார். சுவரை உடைப்பது வேம்புவுக்குப் புதிதில்லை. ஓர் உதையில் அரண்மனையையே சாய்த்தவன். ஆனால் ஒரு சுவரை நிற்கவைத்தே காயப்படுத்துவது என்பது அவனுக்குத் தெரியாத வித்தை. முதல் அடி அடித்துவிட்டு, பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டான். கை தானாகப் போயிற்று. இரண்டாவது அடிக்கும் அப்படியே. காதர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ அடிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். கூட இருந்தால் இவன் உருப்படமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தனியாக நின்ற வேம்பு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பழைய பழக்கப்படி உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டினான். கை வழுக்கிற்று. வழுக்கின இடத்தில் ஓங்கி ஓர் அடி. மறுபடி ஓட்டினான். தடுத்தது, விட்டான். அடுத்த இடம் வழுக்கிற்று, அடித்தான். இத்தனை வருஷமும் செய்தது அதே வேலைதான், கணக்கு மட்டும் தலைகீழ். முன்பு கை தடுத்தால் குற்றம், இப்போது கை வழுக்கினால் குற்றம். இது பிடிபட்டதும் அவன் சுத்தியல் நிற்கவே இல்லை. அடுப்படி முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிறவரை கொத்தினான். கை வைத்த இடமெல்லாம் தோலை உரித்தது. கம்பி பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். வீட்டுச் சுவர் என்றால் அதற்குத் தண்ணீர் காட்டவேண்டும். காய்ந்த சுவர் சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அப்புறம் அது எதையும் பிடிக்காது. அது மெட்ரோவாட்டர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கிற காலம். டீச்சர் தன் பங்குக் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"எவ்வளவு குடிக்குமோ குடிக்கட்டும் வேம்பு. நான் பக்கத்து வீட்ல குளிச்சுக்கறேன்."

வேம்பு இருட்டுகிறவரை சுவருக்குத் தண்ணீர் அடித்தான். நீரைக் குடித்துக் குடித்துச் சுவர் கறுத்தது.

காதர் உள்ளே வந்து பார்த்தார். அவரும் கையை ஓட்டிப் பார்த்தார். "மச்சி, இம்மாம் அசிங்கமா ஒரு செவுரை என் ஜென்மத்துல பார்த்ததில்ல" என்றார். வேம்பு வாழ்நாளில் எத்தனையோ ஆர்ட் டைரக்டர்களிடம் பாராட்டு வாங்கியவன். எதற்கும் அவன் இப்படி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்ததில்லை.

அடுத்த நாள் காலையில் காதர் ஊறவைத்த டைல்ஸ்களின் முதுகில் கலவையை அப்பி, ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினார். அதன்பின் வேம்பு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் போவான். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்பான். டீச்சருக்கு விளங்கும், அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டு டீ போடப் போவார். அவன் விரல் முட்டியால் டைல்ஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் பொக்கென்று கேட்கும். ஒன்றுகூட அப்படிக் கேட்கவில்லை. கோடை போயிற்று, மழை வந்தது, கிறிஸ்துமஸுக்கு டீச்சர் அந்த அடுப்படியில் ஊருக்கே பலகாரம் செய்தார். பழக்கூடை அசையவில்லை.

சினிமாக்காரர்கள் சமாதானமாகி ஷூட்டிங் தொடங்கிற்று. வேம்புவைக் கூப்பிட்டார்கள், போனான். ஒரு பங்களா செட்டுப் போட்டான். பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டதும் எல்லோரும் அவன் முதல் உதைக்காகப் பார்த்தார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். நேராகக் காதரிடம்தான் போனான். அதற்குப் பிறகு மந்தைவெளி, கோபாலபுரம், தி.நகர் என்று காதர் எங்கே டைல்ஸ் ஒட்டினாலும் அங்கே முன்னால் போய்ச் சுவரைக் கொத்துகிறவன் வேம்புதான். வேறு மேஸ்திரிகளும் அவனைத் தேடி வந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அவன் பேர் தெரியாது. டைல்ஸைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், ஒட்டினவரைப் பாராட்டுவார்கள். எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே. எனக்கு இந்த ஜனங்கள்மேல் வருகிற கோபம் வேம்புவுக்கு வருவதில்லை. "பார்க்கிற மாதிரியா கீது அது" என்பான்.

ஆனால் இசக்கியை மட்டும் அவன் மறக்கவில்லை. டீச்சர் வீட்டுச் சுவர் நிலைத்துவிட்டது என்று நிச்சயமானதும் அவளைக் கூப்பிட்டான்.

"டீச்சரம்மா வூட்டுக்கு வா, என் செவுரைக் காட்றேன்."

"அங்க டைல்ஸு ஒட்டிகீதுன்னியே?"

"ஆமா. அதுக்குப் பின்னாடி கீது."

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. "சினிமாவுல ஹீரோ மறைச்சான். இப்ப பழக்கூடை மறைக்குதா? உன் செவுரை என் கண்ணால பார்க்க எனக்கு எழுதியே வைக்கல."

அவனும் சிரித்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டைல்ஸைக் காட்டி இதற்குப் பின்னால் என்று சொல்வதற்கு எதற்குப் போகவேண்டும்?

இரண்டு வருஷம் ஓடிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு டீச்சரின் போன். தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளேயே துருப்பிடித்து ஒழுகுகிறது, பிளம்பர் வந்திருக்கிறார், டைல்ஸை எடுக்க முடியவில்லை என்றார். டைல்ஸ் என்றதும் மறுபடி விழுந்துவிட்டது என்றே வேம்பு நினைத்தான். முடியவில்லை என்ற பாதி அப்புறம்தான் காதில் ஏறிற்று. ஞாயிற்றுக்கிழமையானதால் இசக்கிக்கும் இஸ்திரி வேலை இல்லை. "நானும் வரேன்யா" என்று சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அடுப்படியில் பிளம்பர் வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். குழாய்க்கு மேலே ஒரே ஒரு டைல்ஸை முழுசாகக் கழற்றப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பல்லி கடித்த அளவுக்குத்தான் பெயர்ந்திருந்தது.

"எவன்யா இதை ஒட்டினவன்? செவுரோட செவுரா வெச்சுத் தச்சிருக்கான்" என்றார்.

டீச்சர் வேம்புவைக் கைகாட்டினார். "ஒட்டினது காதர். பிடிச்சிட்டு இருக்கிறது இவர் சுவர்."

வேம்பு உளியை வாங்கினான். இதுவரை அவன் கட்டிய சுவரெல்லாம் ஓர் உதைக்குச் சாய்ந்தவை. இந்தச் சுவரில் ஒரு சாண் இடம் திறப்பதற்கு அவன் காலைப் பொழுதெல்லாம் போராடவேண்டியிருந்தது. டைல்ஸ் முழுசாக வரவில்லை, பொடியாகத்தான் வந்தது. ஒவ்வொரு பொடியும் கீழே விழுகிறபோது அவன் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பிளம்பர் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று டீச்சரைப் பார்த்தார். நடுவில் வேம்பு நின்று, சுத்தியலை இசக்கியிடம் நீட்டினான்.

"நீ அடி."

"நானா?"

"அடி, சொல்றேன்."

இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய கை. ஓங்கி ஒன்று வைத்தாள். டைல்ஸில் ஒரு துணுக்குப் போயிற்று, சுத்தியல் திரும்பி வந்தது. அவள் உதறிய கையைத் தேய்த்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டும் இருந்தான்.

மீதியை அவனே பெயர்த்து எடுத்தான். டைல்ஸும் கலவையும் போன இடத்தில், குண்டும் குழியுமாக, வெட்டும் தழும்புமாக, ஒரு சாண் அகலத்துக்கு அவன் கொத்திய சுவர் வெளியே வந்தது. குழிகளுக்குள் கலவை இன்னும் பல் பல்லாகக் கடித்துக்கொண்டிருந்தது. இசக்கி குனிந்து பார்த்தாள். கையை நீட்டி, ஒரு குழிக்குள் விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கையை வைத்து மெல்ல ஓட்டினாள். கை போகவில்லை.

"இதானா?"

"இதான்."

பிளம்பர் ஓரமாகக் கொஞ்சம் கொத்தித் திறந்து குழாயை மாற்றினார். சீக்கிரமே முடிந்துவிட்டது. வேம்பு கலவை குழைத்துத் தயாராக வைத்திருந்தான். டீச்சர் அலமாரியில் மிச்சமிருந்த வெள்ளை டைல்ஸ் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்.

"மூடிடலாமா வேம்பு?" என்று கேட்டார்.

இசக்கி மறுபடியும் சுவரில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் டீச்சர்" என்றாள்.